டப்பா லென்ஸ் தோற்கவில்லை

தோற்றுப்போனால் துள்ளிக் குதிக்கிற மனிதரை என் வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் மாசாய் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். பாசிர் கூடாங் துறைமுகத்தில் கண்டெய்னர்கள் வந்து போவதைக் கவனிக்கும் வேலை. அந்த வேலையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் கேமராதான். எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, முழுக்க அவருக்குக் கேமரா அண்ணன் என்றே பெயர்.

உடனே கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். மனிதர்களை அவர் படம் எடுத்து நாங்கள் பார்த்ததே இல்லை. சுவரைத்தான் எடுப்பார். தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவிப்புப் பக்கம் இருக்கிறதே, அதில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும் என்பதால் அதைக் கத்தரித்துக் கார் போர்ச் சுவரில் ஒட்டுவார். எதிரில் கேமராவைத் தாங்கும் முக்காலியை நிறுத்துவார். ஒரு லென்ஸைப் போட்டு ஒரு படம், அதைக் கழற்றி இன்னொரு லென்ஸைப் போட்டு அதே படம். பிறகு இரண்டையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கி, "மறைந்த" என்ற சொல்லில் "ற" எதில் கூர்மையாக விழுந்திருக்கிறது என்று மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார்.

அவரிடம் இருந்த லென்ஸ்கள் இரண்டு. ஒன்று பிரைம். அதில் காட்சியைக் கிட்டே இழுக்கவோ தள்ளவோ முடியாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் எழுந்து நடக்க வேண்டும். மற்றது கேமரா வாங்கும்போது பெட்டிக்குள்ளேயே கூட வருகிற கிட் லென்ஸ். முன்னதைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்குவார். பின்னதற்கு அவர் வைத்திருந்த பெயர் டப்பா லென்ஸ்.

"பிரைமுக்கு முன்னால டப்பா நிக்கவே முடியாது லா. எல்லாம் கஞ்சி மாதிரி மங்கலாத்தான் விழும்" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லுவார்.

அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். துணி காயப்போட்டுக்கொண்டே அண்ணி என் அம்மாவிடம் சொல்லுவார்: "செத்தவங்களை எல்லாம் ஆளுக்கு ரெண்டு தரம் படம் எடுத்து வச்சிருக்காரு. உயிரோட இருக்கிற பொண்டாட்டிய ஒரு தரம் எடுத்ததில்ல."

அண்ணனுக்கு அது காதில் விழாது. விழுந்தாலும், "நீ அசைவியே, அவங்க அசைய மாட்டாங்க" என்பார்.

லென்ஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு ஜோடி தேடி எதிரெதிரே நிறுத்திவிட வேண்டும் அவருக்கு. தாமான் வாசலில் ஒரு தே தண்ணிக் கடை, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கடை. வாசல் கடைதான் உசத்தி என்று வருஷக்கணக்காகச் சாதித்து வந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கடையிலும் தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர், பையில் கட்டி வாங்கி வந்தார். எங்களை வரிசையாக உட்கார வைத்தார். இரண்டையும் ஒரே மாதிரி கிளாஸில் ஊற்றினார். நான் அவசரப்பட்டு ஒன்றைக் குவளையில் ஊற்றப்போனேன். பதறிப்போய்ப் பிடுங்கினார்.

"தங்கச்சி! கிளாஸ் வேற வேறயா இருந்தா அது போட்டியே இல்ல. ரெண்டுக்கும் ஒரே கிளாஸ், ஒரே சூடு. அப்பத்தான் நாக்கு பேசும்."

கண்ணை மூடிக் குடித்தோம். எல்லோரும் பஸ் நிறுத்தக் கடையையே சொன்னோம். கடைசியாக அவரும் கண்ணை மூடிக் குடித்தார். அவரும் அதையே காட்டினார். கண்ணைத் திறந்து எந்தக் கிளாஸ் என்று பார்த்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு கார் போர்ச் முழுக்கச் சுற்றினார்.

"தோத்துட்டேன்! இத்தனை வருஷமா தப்பான தண்ணியக் குடிச்சிருக்கேன் லா!"

லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரிக்கமாட்டான். மறுநாளிலிருந்து வாசல் கடையைத் தாண்டிப் பஸ் நிறுத்தம் வரை நடக்க ஆரம்பித்தார். வாசல் கடைக்காரரிடம் காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த மனிதர் பாவம், அண்ணனைப் பார்த்தாலே உள்ளே போய்விடுவார்.

இந்தக் குணம் வேடிக்கையாக இருந்ததும் உண்டு, வம்பில் முடிந்ததும் உண்டு. லாயாங் லாயாங்கிலிருந்து அவருடைய அம்மா வந்திருந்தபோது, அந்த அம்மா வைத்த மீன் குழம்பையும் அண்ணி வைத்த மீன் குழம்பையும் ஒரே மாதிரிக் கிண்ணத்தில் ஊற்றி, அந்த அம்மாவையே கண்ணை மூடச் சொன்னார். அண்ணி வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சியும் கேட்கவில்லை. அந்த அம்மா இரண்டையும் ருசி பார்த்துவிட்டு, "இதான் என் கை" என்று மருமகள் குழம்பைக் காட்டினார். அண்ணன் கைதட்டினார். அந்த அம்மா மறுநாள் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார். ரொம்ப நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

"அம்மா ஏன் கோவிச்சுக்கிட்டாங்கன்னே தெரியல தங்கச்சி" என்று என்னிடம் கேட்டார். நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. உண்மை தெரிந்தால் எல்லோரும் தன்னைப் போலவே துள்ளுவார்கள் என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் முகம் போய்ச் சிக்கியது.

என் இடது கன்னத்திலிருந்து தாடை வரை ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் ஒரு தீபாவளிக்கு அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். எண்ணெய் தெறித்துவிட்டது. நான் அதை மறந்துதான் வளர்ந்தேன். அம்மாதான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் முறுக்கு சுடுவதே நின்றுபோனது. தீபாவளிக்கு ஜொகூர் பாருவில் ஒரு கடையிலிருந்து வாங்குவோம். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருந்தால் என்னைச் சமையலறைக்குள் விடவே மாட்டார். அலுவலகத்தில் எனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்த காலத்திலும், "தள்ளிப் போ, தள்ளிப் போ" என்றுதான் விரட்டுவார். யார் படம் எடுத்தாலும் என் தோளைப் பிடித்து வலது பக்கம் திருப்பிவிடுவார்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, போனில் முகத்தை வழவழப்பாக்கும் வசதியைப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பினார். வந்தார்கள். பையனின் அம்மா கையில் இருந்த போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தேநீர் குடித்தார்கள், வடை நன்றாயிருக்கிறது என்றார்கள், போனார்கள். பிறகு பேச்சே இல்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மாறி மாறிப் பார்த்த பார்வை பல நாள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்து ஜொகூர் பாருவிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை, தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறவர். நல்ல கேமராவில் எடுத்த படமாக அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன்.

"இருக்கிற மாதிரி எடுத்து அனுப்பும்மா. இல்லாட்டி யாரையும் வரச் சொல்லாத. இன்னொரு தரம் அப்படிப் போய் உக்கார மாட்டேன்."

அம்மா சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நேரே அடுத்த வீட்டுக்குப் போய், "தம்பி, அந்த டப்பா லென்ஸ்லயே எடுங்க. அதான் மங்கலா விழும்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே. கொஞ்சம் மங்கலா இருந்தா நல்லது" என்று காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணனும் தலையாட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் கார் போர்ச்சில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். மரண அறிவிப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பின்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார் அண்ணி. அம்மா பவுடர் டப்பாவோடு நின்றார். அண்ணன் டப்பா லென்ஸை மாட்டினார். ஆனால் கண் மேசைமேல் இருந்த பிரைமையே சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, சும்மா ஒரு ஒப்பீட்டுக்கு அதுலயும் ஒண்ணு எடுத்துக்கவா? அனுப்ப வேணாம். நான் பாக்குறதுக்கு மட்டும்."

அம்மாவால் மறுக்க முடியவில்லை. அவர் இரண்டு லென்ஸுக்கும் எண்களைத் திருப்பிக்கொண்டிருந்ததைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் துவாரத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் எண் அது. பிரைமுக்கு நான்கு என்று வைத்தார், அது அதற்கு வசதியான எண்ணாம். டப்பாவை முழுக்கத் திறந்து விட்டார். எப்போதும் அப்படித்தான் வைப்பாராம்; முழுக்கத் திறந்தால் படம் கொஞ்சம் மங்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் அண்ணே, தே தண்ணிக்கே ஒரே கிளாஸ் வேணும்னு சட்டம் போட்டீங்க. லென்ஸுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு கிளாஸா?"

அண்ணன் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். லென்ஸைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அலமாக்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "வருஷக்கணக்கா பண்ணிட்டு இருக்கேனே லா! இது எனக்குத் தோணவே இல்லையே!"

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டிலும் துவாரத்தைச் சுருக்கி எட்டில் வைத்தார். ஒரே தூரம், ஒரே வெளிச்சம். கை பட்டால் கேமரா ஆடிவிடும் என்று தானாக எடுக்கிற மாதிரி நேரம் வைத்தார். என்னைச் சிரிக்கக் கூடாது என்றார். "ரெண்டுலயும் ஒரே மூஞ்சி வேணும் தங்கச்சி, அசையாத!" கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறோம் என்பது அவருக்கு எப்போதோ மறந்துவிட்டது. நான் செத்துப்போனவர்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டேன்.

நடுவில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் பூம் பூம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். கேமரா நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. "நிறுத்துய்யா, முக்காலி ஆடுது!" என்று கத்திக்கொண்டே அண்ணன் ஓடினார். வாசலில் கிடந்த செருப்பில் கால் சிக்கி ரொட்டிக் கூடையையே கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்போது பார்த்துக் கேமரா டிக் என்றது.

"பாழாப் போச்சு" என்று மூச்சிரைக்க வந்தார். "மறுபடி, மறுபடி." பழையபடி மரக்கட்டையாக உட்கார்ந்தேன். எடுத்து முடித்தார்.

அன்று மத்தியானம் தோழியோடு ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டு, சாயங்காலம் திரும்பினேன். அண்ணன் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கதவு திறந்திருந்தது. நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா, கோடி வீட்டுச் சீனத் தாத்தா, இன்னும் எங்கள் வரிசையில் பாதிப் பேர் கூடத்தில் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். டிவியில் மண்நிறத்தில் ஏதோ ஒன்று, மேடும் பள்ளமுமாக, இடது பாதி ஒன்று வலது பாதி ஒன்று. திரை கொள்ளாமல் நின்றது.

"இடதா, வலதா? எது கூர்மை? சொல்லுங்க, சொல்லுங்க!" என்று அண்ணன் ஏலம் விடுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்.

"இடதுதான் லா. அந்த ஓரத்தைப் பாருங்க, எவ்வளவு தெளிவு" என்றார் ஒருவர். சீனத் தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு வலது என்றார். மாக்சிக் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு, "சாமா சாஜா லா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று தமிழும் மலாயுமாகத் தீர்ப்புச் சொன்னார். யாரோ அது காய்ந்த ஆற்றுப் படுகையா என்று கேட்டார்கள்.

சுவரோரம் அம்மா நின்றிருந்தார். அவருக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்தது.

"அண்ணே! அது என் மூஞ்சி!"

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் மட்டும் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினார். "தங்கச்சி, வா வா! நான் தோத்துட்டேன்! எட்டுல வச்சா டப்பாவும் பிரைமும் ஒண்ணு! உன் தழும்புல ஒவ்வொரு கோடும் விழுந்திருக்கு பாரு, ரெண்டுலயும்! டப்பா லென்ஸ் தோக்கல லா, நான்தான் இத்தனை நாளா அதைத் தோக்கடிச்சிருக்கேன்!"

"உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்றார் அண்ணி. "அது ஒரு பொம்பளப் புள்ளையோட முகம்."

அண்ணன் முகம் சுருங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். என் அம்மாவைப் பார்த்தார். மீன் குழம்புச் சமயத்தில் புரியாதது இன்று புரிந்தது போல இருந்தது. "ஆன்ட்டி, நான்..." என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இத்தனை பேர் என் தழும்பைச் சுவர் அகலத்துக்குப் பார்த்தார்களே, ஒருவர்கூட ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஓரம் தெளிவு, கோடு தெளிவு என்று சண்டைதான் போட்டார்கள். என் கன்னத்தைப் பார்த்து யாரும் அவ்வளவு உற்சாகப்பட்டு நான் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் அவசர அவசரமாகப் படத்தை மூடப் பார்த்தார். பதற்றத்தில் பொத்தானை மாற்றி அழுத்தினார் போல. படம் மூடாமல் சுருங்கியது. தழும்பு சின்னதானது, கன்னம் வந்தது, கண் வந்தது, காது வந்தது, முழு முகமும் வந்து நின்றது.

அம்மா இரண்டடி முன்னால் வந்தார். திரையைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா அது?" என்றார்.

அம்மா இன்னும் கிட்டே போய்த் திரையில் என் கன்னத்தை விரலால் தொட்டார். "எனக்கு மூஞ்சி பூரா அதுவாத்தான் தெரியும்" என்று தனக்குத்தானே சொன்னார். அழுகிறாரோ என்று பயந்தேன். அழவில்லை. "தம்பி, அடுத்த படத்தக் காட்டுங்க" என்றார்.

அடுத்தது ரொட்டிக்காரர் வந்தபோது விழுந்த படம். வாயைத் திறந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சம் நேராக இடது கன்னத்தில் விழ நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தழும்பு அங்கேதான் இருந்தது. அதைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

"இத அனுப்புங்க" என்றார் அம்மா.

"ஆன்ட்டி, அது பாழான படம். போட்டியில சேராது."

"போட்டியெல்லாம் முடிஞ்சுது. இதத்தான் அனுப்பணும்."

அண்ணனுக்கு மெல்ல உயிர் வந்தது. "எந்த லென்ஸ்ல விழுந்ததுன்னு சொல்லவா?"

"வேணாம் தம்பி" என்றார் அம்மா. அங்கேயே நின்று தன் போனிலிருந்து தானே அனுப்பினார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று காலையில் எழுந்தபோது வீடு முழுக்க ஒரு வாசனை. எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். கதவைத் தட்டினேன். "தள்ளிப் போ" என்று பழைய குரல் வந்தது.

வந்தார்கள். போனையும் என்னையும் யாரும் மாறி மாறிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, "படத்துல சிரிச்சீங்களே, என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். நான் ரொட்டிக் கதையைச் சொன்னேன். கதாநாயகன் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார் என்றதும் கூப்பிடச் சொன்னார்கள்.

அண்ணன் வெறுங்கையோடு வரவில்லை. அம்மா முறுக்கு சுடப்போவது அண்ணி மூலம் தெரிந்து, நாங்கள் வழக்கமாக வாங்குகிற கடை முறுக்கை முதல் நாளே வாங்கி வைத்திருந்தார். இரண்டு தட்டு, ஒரே மாதிரி. அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தத் தடவை அண்ணன் முதலில் என் அம்மாவிடம் போய், "வைக்கவா ஆன்ட்டி?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் செய்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அம்மா, "வைங்க" என்றார்.

மாப்பிள்ளை கண்ணை மூடினார். இரண்டையும் கடித்தார். நிதானமாக மென்றார். அவருடைய அம்மா அவர் முழங்கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். அதையும் மீறிக் கையை நீட்டினார்.

"இதுதான்" என்று கடை முறுக்கைக் காட்டினார்.

அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்தது அந்த நொடியில்தான்.

"போச்சு! நான் ஆன்ட்டி முறுக்குதான் ஜெயிக்கும்னு நெனச்சேன். தோத்துட்டேன்!" என்று அண்ணன் எழுந்தேவிட்டார். பிறகு மீன் குழம்பு ஞாபகம் வந்து, பயத்தோடு அம்மாவைப் பார்த்தார்.

அம்மாவும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மென்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கல்லு மாதிரி இருக்கு லா! கையே மறந்து போச்சு" என்றார். அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோற்றதற்கு அப்படிச் சிரிக்கிற இன்னொரு ஆளை அவர் அன்றுதான் கண்டுபிடித்தார்.

"இருங்க, எல்லாரும் அப்படியே இருங்க. இன்னும் மாவு இருக்கு. அடுத்த ஈட்ட வச்சுப் பாருங்க" என்று அம்மா சமையலறைக்கு எழுந்தார். வாசலில் நின்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கையில பலம் இல்ல. நீ வா, வந்து புழி."

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் முறுக்கு அச்சை வாங்கிக்கொண்டு சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.